முழங்கால் தண்ணீரில் ஒரு பரீட்சை

படகு ஓட்டும் பரீட்சை என் மனைவிக்கு. ஆனால் இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்காமல் திரிந்தது நான். ஏரிக்கு அக்கரையில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குத் திங்கட்கிழமையிலிருந்து படகோட்டி வேண்டும். உரிமம் மட்டும் வாங்கி வந்தால் இவளையே வைத்துக்கொள்வதாகத் தலைமையாசிரியை சொல்லிவிட்டார். இன்று தவறினால் அடுத்த பரீட்சை அடுத்த வருஷம்தான். பத்து வருஷம் துணிக்கடையில் நின்று நின்று கால் வீங்கியவள் அவள். "உக்காந்து பாக்குற வேலைங்க, அதுவும் தண்ணி மேல!" என்று சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

நான் படகு மெக்கானிக். என் கைபட்ட எஞ்சின் ரிப்பேருக்குத் திரும்பி வந்ததே இல்லை என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்கிறவன். எங்கள் படகு ஸ்டெர்ன்டிரைவ் வகை. எஞ்சின் படகுக்குள்ளே இருக்கும். விசிறியோ பின்பக்கம் தண்ணீருக்குள் தொங்கும் உலோகக் காலில் சுழலும். ஆழத்தில் அந்தக் காலை முழுக்க இறக்கிவிட்டு ஓட்டலாம். தண்ணீர் குறைந்தால் பட்டனை அழுத்திக் காலைக் கொஞ்சம் தூக்கி, மெல்ல ஊர வேண்டும். ரொம்பத் தூக்கினால் எஞ்சினைக் குளிர வைக்கும் தண்ணீரை உறிஞ்சுகிற துளைகள் வெளியே வந்து எஞ்சின் கொதித்துவிடும். தூக்காவிட்டால் விசிறி மணலைக் கடைந்து நாசமாகும். நடுவில் நாலு விரல் அளவுதான் இடம். பரீட்சையே அந்த நாலு விரலில்தான்.

காலையில் கிளம்பும் முன், அந்தப் பட்டனுக்குப் போகும் வயர்களில் பச்சை பூத்திருந்ததைப் பார்த்தேன். பேசாமல் விட்டிருக்கலாம். என் கை சும்மா இருக்குமா? பிடுங்கிப் புதுசு போட்டேன். 'மேலே' பட்டனை அழுத்தினேன். மோட்டார் சத்தம் வந்தது. போதும் என்று கையைத் துடைத்துக்கொண்டேன். கால் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று காட்டும் முள் போன வருஷமே செத்துவிட்டது. "அப்புறம் பாத்துக்கலாம்" என்று அதைத் தள்ளிப்போட்டதும் இந்த மகானுபாவன்தான்.

பரிசோதகர் வந்தார். எந்நேரமும் காதில் பென்சில் செருகியிருப்பதால் அவருக்குப் பென்சில் சார் என்றே பெயர். "படகு உங்களுதா? அப்ப நீங்களும் ஏறுங்க. ஆனா வாயத் தொறக்கக் கூடாது. ஒரு வார்த்தை சொன்னாலும் பரீட்சை ரத்து. அக்கரையில கயிறு கட்டுற வரைக்கும்" என்றார்.

"எனக்கு வைக்கிற பரீட்சையவிட அவருக்கு வைக்கிறது கஷ்டம் சார்" என்றாள் என் மனைவி. பென்சில் சார் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

ஆழத்தில் அழகாக ஓட்டினாள். ஏரி நடுவைத் தாண்டியதும் தண்ணீரின் நிறம் மாறியது. அடியில் மணல் தெரிந்தது. வேகத்தைக் குறைத்து 'மேலே' பட்டனை அழுத்தினாள். சத்தம் வந்தது. ஆனால் அது தூக்குகிற சத்தம் இல்லை. ஏற்கெனவே அடிமட்டத்தில் இருக்கும் காலை இன்னும் கீழே தள்ளப் பார்த்து மோட்டார் முனகுகிற சத்தம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வயரை மாற்றிக் கொடுத்துவிட்டேன்! மேலே போக வேண்டியது கீழேயும், கீழே போக வேண்டியது மேலேயும். காலையில் நான் கேட்டதும் இதே முனகலைத்தான்.

பின்னால் சேறு குழம்பிக் கிளம்பியது. சரக்கென்று மணலை உரசியது. "அந்தப் பட்டன் இல்லம்மா!" என்று கத்த வாய் வரைக்கும் வந்துவிட்டது. கத்தினால் பரீட்சை ரத்து. கத்தாவிட்டால் விசிறி போகும், அவள் வேலையும் போகும். நாக்கைக் கடித்துக்கொண்டேன். பென்சில் சார் காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

அவள் பதறவில்லை. உடனே நியூட்ரலில் போட்டாள். எழுந்து வந்து பின்பக்கம் குனிந்து பார்த்தாள். மறுபடி போய் 'மேலே'யை ஒரு நொடி அழுத்தி, தலையைச் சாய்த்துக் கேட்டாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் திருதிருவென்று விழித்தேன். பிறகு 'கீழே' பட்டனைத் தொட்டுத் தொட்டு அழுத்தினாள். கால் சமர்த்தாக மேலே வந்தது. துளைகள் தண்ணீருக்குள் இருக்கும்போதே நிறுத்திவிட்டாள்.

"ரெண்டு பேரும் முன்னாடி போய் உக்காருங்க. பின்பக்கம் பாரம் குறையட்டும்."

பென்சில் சாரும் மறுபேச்சுப் பேசாமல் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். படகின் பின்பக்கம் லேசாக எழும்பியது. எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளில் ஒரு கண், தண்ணீரில் ஒரு கண்ணாக, நடக்கிற வேகத்தில் அந்த மணல்மேட்டைத் தாண்டினாள். உரசல் இல்லை, சேறு இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கம் பாதி, பெருமை பாதி.

அக்கரையில் பென்சில் சார் கேட்டார். "பட்டன் ஏம்மா தலைகீழா இருக்கு?"

"நேத்து வரைக்கும் நேராத்தான் சார் இருந்துச்சு" என்றாள். அவ்வளவுதான். என் பெயரை இழுக்கவில்லை. குனிந்து கயிற்றைக் கட்டினாள்.

முடிச்சு விழுந்ததுதான் தாமதம், "நான்தான் சார்! வயர நான்தான் மாத்திக் குடுத்துட்டேன். அவ மேல ஒரு தப்பும் இல்ல" என்று கொட்டித் தீர்த்தேன்.

"தெரியும். மணல்ல உரசுனதுலேருந்து உங்க மூஞ்சி அதைத்தான் சொல்லிட்டு இருந்துச்சு. நல்லவேளை, மூஞ்சி பேசக் கூடாதுன்னு விதி இல்ல." உரிம அட்டையில் கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினார். "நல்ல படகு குடுத்தா எல்லாரும் ஓட்டுவாங்கம்மா. திங்கக்கிழமை என் பேத்தியும் உன் படகுலதான் வருவா."

அவர் படியேறிப் போனதும் நான் ஸ்குரூ டிரைவரைத் தேடினேன். "வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம். எனக்கு இப்ப இதுவே பழகிடுச்சு" என்றாள். சரி, திரும்பும்போது நாம் ஓட்டுவோம் என்று பழக்கதோஷத்தில் ஓட்டுகிறவர் இருக்கையில் போய் உட்கார்ந்தேன்.

அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "ஏங்க, முன்னாடி போய் உக்காருங்க. மணல்மேடு வருது, பாரம் வேணும்."

எழுந்துபோய் முன்னால் உட்கார்ந்தேன். வீடு வந்து சேரும்வரை நான் வாயே திறக்கவில்லை. இந்தமுறை யாரும் விதி போடவில்லை.