அறுபத்திரண்டு பேர்

புலம்பெயர்ந்த ஊர்க்காரர் நடத்தும் ஒன்றியத்தின் யாப்பில், அதன் சட்டதிட்டத்தில், ஒரு வரி இருந்தது: குடும்பத்துக்கு ஒரு வாக்கு, அதைக் குடும்பத் தலைவர் போடுவார். தலைவர் என்றால் ஆண் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டிய தேவையும் இருக்கவில்லை. ஒன்றுகூடலுக்குச் சோறு ஆக்குவதும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுப்பதும் பெண்கள். அந்த வகுப்பை ஞாயிறு காலைக்கு மாற்றுவோம் என்று கை உயர்த்தியது ஆண்கள். ஞாயிறு காலைகளில் டோர்வல் விமான நிலையத்தில் விமானச் சாப்பாடு அடுக்கும் வேலை தாட்சாயினிக்கு. பத்து வருடம் அந்தப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தவள். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவளுக்கு எரிச்சல் வந்தது. எரிச்சலுக்கு வழி காட்டியவர் ஜெராட். அவளுடைய வேலைத்தலத்தில் தொழிற்சங்கக்காரர், ஒன்றியத்தில் செயலாளர். நகரின் வடக்கே அஹுன்ட்சிக்கில், அவர் வீட்டு நிலக்கீழ் பேஸ்மென்ரில் மாதம் ஒரு படிப்பு வட்டம் நடக்கும். அந்தக் கால ஸ்கொட்லாந்தில் ஆலைப் பெண்கள் வாக்குரிமை கேட்டுத் தெருத்தெருவாய் அலைந்ததைக் கண் கலங்கச் சொல்வார். அவர்களோடு நின்ற சோசலிசத் தோழர்களைச் சொல்வார். கடைசி நேரத்தில் நழுவிய தோழர்களைச் சொல்லும்போது மேசையில் ஓங்கிக் குத்துவார். தேத்தண்ணிக் கோப்பைகள் ஆடும்.

ஊருக்கெல்லாம் அவள் இரவிச்சந்திரனின் மனைவி. ஜெராட் ஒருவர்தான் 'தோழர் தாட்சாயினி' என்பார். அந்த ஒரு அழைப்புக்காகவே அவரை நம்பினாள் என்றாலும் பொய்யில்லை.

"ஸ்கொட்லாந்துப் பெண்டுகள் செய்ததைத்தான் நீங்களும் செய்யோணும், தோழர். பெண்டுகளுக்கும் தனி வாக்கு வேணுமெண்டு வீடு வீடாப் போய்க் கையெழுத்து வாங்குங்கோ. கூட்டத்தில நான் வைக்கிறன்," என்றார்.

மாசிப் பனியில் பஸ் ஏறி, மெட்ரோ மாறிப் போனாள். பேனையை வாங்கியதும் பெண்களின் கை தன்பாட்டில் 'திருமதி' என்று தொடங்கும். அடுத்து வருவது புருஷன் பெயர்.

"அவற்ற பேர் வேண்டாம். உங்கட பேரை எழுதுங்கோ," என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னாள்.

பிலோமினம்மா பேனையோடு சற்று யோசித்தார். "என்ர பேரை நான் கடைசியா எழுதினது இமிகிரேசனிலதான், பிள்ளை," என்று சிரித்தார்.

அறுபத்திரண்டு பேர் தங்கள் சொந்தப் பெயரை எழுதினார்கள். தாள்களை ஜெராட்டிடம் கொடுத்தாள்.

"வடிவா ரைப் பண்ணிக் குடுப்பம். இதுகளை நான் பத்திரமா வைச்சிருக்கிறன்," என்றார் அவர்.

பங்குனியில், ஒரு ஞாயிறு பிற்பகல், பொதுக்கூட்டம். பெண்கள் பின்வரிசையை நிறைத்திருந்தார்கள். ஒன்றியத் தலைவர், ஜெராட் ரைப் செய்து கொடுத்த தாளை எடுத்து வாசித்தார். "திருமதி சாரங்கன். திருமதி கீர்த்திகன். திருமதி இரவிச்சந்திரன்..." ஏழெட்டுப் பெயரோடு நிறுத்திக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "இந்தக் குடும்பங்கள் எல்லாத்துக்கும் வாக்கு இருக்குத்தானே? பேந்தென்ன பிரச்சினை?"

முன்வரிசைகள் சிரித்தன. தாட்சாயினி செயலாளர் மேசையைப் பார்த்து எழுந்தாள்.

"ஜெராட் அண்ணை, நான் தந்தது இது இல்லை. அந்தத் தாளுகளை எடுங்கோ."

ஜெராட் பேனை மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "ஒரு மரியாதைக்குத்தான் அப்பிடி ரைப் பண்ணினது. அந்தத் தாளுகள் இப்ப என்னட்ட இல்லை."

தோழர் என்று சொல்லவில்லை. அதைக் கவனித்தபோதுதான் அவளுக்கு முழுவதும் விளங்கியது. கோரிக்கை தள்ளப்பட்டது. அடுத்தது புதிய தலைவர் தெரிவு. பழைய தலைவர் தானே எழுந்து ஜெராட்டை முன்மொழிந்தார். கைகள் உயர்ந்தன. இரவிச்சந்திரனின் கையும் உயர்ந்தது. அவளுடைய வீட்டு வாக்கும் ஜெராட்டுக்கே போயிற்று.

கூட்டம் கலையுமுன் தாட்சாயினி மேசைக்குப் போனாள். கூட்ட அறிக்கைக் கொப்பி ஜெராட்டின் கையில்தான் இன்னும் இருந்தது.

"நான் எதிர்ப்பு எண்டு பதியுங்கோ."

எழுதினார். அவள் கொப்பியைத் தன் பக்கம் திருப்பி வாசித்தாள். 'திருமதி இரவிச்சந்திரன் எதிர்ப்புத் தெரிவித்தார்.' ஐந்து வருடம் வாய் நிறையத் தன் பெயர் சொன்ன மனிதரின் கையெழுத்து அது. கொப்பியை அவர் பக்கமே திருப்பி வைத்தாள்.

"ஸ்கொட்லாந்துக் கதையில, நழுவின தோழர்மாருக்கு மேசையில குத்துவியள் எல்லே, அண்ணை," என்றாள். "இண்டைக்கும் ஒருக்காக் குத்துங்கோ. நாங்கள் பாக்கிறம்."

பின்வரிசையில் ஒருவரும் எழுந்து போகவில்லை. ஜெராட் மேசையிலிருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.