காய்ச்சல் கண்ட பீரோ

ஆராய்ச்சிக்கூடத்தின் மூன்றாம் அறையில் இருந்த இரும்பு பீரோவுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல் அடித்தது. முதலில் கண்டுபிடித்தவர் அட்டெண்டர். கைப்பிடியைத் தொட்டவர் கையை உதறிக்கொண்டு போய் எலக்ட்ரீஷியனை அழைத்து வந்தார். எலக்ட்ரீஷியன் நான்கு இடத்தில் டெஸ்டர் வைத்துப் பார்த்தார். "கரண்ட் இல்லீங்க, வெறும் காய்ச்சல். டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டடத்துக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை காய்ச்சல் நூற்றுநாலு ஆனது. ஊழியர்கள் மதியச் சாப்பாட்டு டப்பாக்களை அதன் தலையில் வைத்துச் சூடு செய்துகொண்டார்கள். ஒருவர் ஈரச் சட்டையைக் காயப்போட்டு, டாக்டரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டார்.

பீரோ அந்த டாக்டருடையது. அதற்குள் நான்கு வருடக் குறிப்பு இருந்தது. மழைக்காலத்தில் குழந்தைகளைப் பிடித்துக் கைகால் இழுப்பில் கொண்டுபோய் விடும் ஒரு காய்ச்சலைப் பற்றி மூவாயிரத்துச் சொச்சம் தாள்கள். பக்கத்து வார்டில் ஒரு குழந்தைக்கு அட்டை எழுதியதுமே அதன் நகல் இங்கே வந்துவிடும். காய்ச்சல் கண்ட மூன்றாம் நாள் ஊசி போட்டால் இழுப்பு வராது என்பது டாக்டர் அந்தத் தாள்களிலிருந்து கண்டுபிடித்தது. ஆராய்ச்சிப் பத்திரிகையில் அச்சாகும்வரை தாள்களை யாரும் பார்க்கக் கூடாது என்று பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பதினோரு வருடங்களுக்கு முன் அவருடைய ஆராய்ச்சிக் கணக்கை வேறு ஊர்க்காரர் ஒருவர் தன் பெயரில் அச்சிட்டுக்கொண்டதிலிருந்து இந்தப் பழக்கம்.

வார்டின் தலைமை நர்ஸ் அவருடைய சொந்தத் தங்கை. அண்ணன் சொன்னபடி மூன்றாம் நாள்தான் ஊசி போட்டாள். அப்படியும் பாதிக் குழந்தைகளுக்கு இழுப்பு வந்தது.

"அண்ணா, அந்தத் தாளையெல்லாம் ஒரு தடவை கண்ணுல காட்டு. எங்க தப்புன்னு பார்க்கணும்."

"அச்சுல வரட்டும்மா. ஆறு மாசம் பொறு. நான் சூடுபட்ட பூனை."

"இப்போ சூடுபட்டுக் கிடக்கிறது பூனை இல்லே, பீரோ. என் வார்டுல ஆறு நாளைக்கே உத்தரவாதம் இல்லே, நீ ஆறு மாசங்கறே!"

அடுத்த புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குக் காய்ச்சல் நூற்றாறைத் தொட்டது. பீரோவுக்கு இழுப்பு வந்தது. நான்கு கால்களும் தரையில் தடதடக்க, பெயின்ட் உதிர்ந்தது. தங்கை ஈரத்துணியோடு ஓடிவந்து, வார்டில் கேட்கிற அதே குரலில், "அண்ணா, சாவி!" என்றாள். இருபது வருடமாக அந்தக் குரல் கேட்டதை எடுத்துக் கொடுத்துப் பழகிய கை. டாக்டர் யோசிப்பதற்குள் சாவியை நீட்டிவிட்டது.

உள்ளே தாள்கள் வியர்த்து நனைந்திருந்தன. பெயர்கள் அவற்றில் இல்லை, எண்கள் மட்டும். பெயர்ப் பதிவேடு தங்கையின் மேசையில் தனியே பூட்டிக் கிடந்தது. அதற்குக் காய்ச்சல் வந்ததே இல்லை. வேறு இடம் இல்லாததால், புறநோயாளிகள் காத்திருக்கும் முற்றத்தில் கொடி கட்டித் தாள்களைக் காயப்போட்டார்கள். உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்த பெற்றோர் எழுந்து படிக்க ஆரம்பித்தார்கள். தெர்மாமீட்டரோடு பீரோ பக்கத்தில் நின்ற அட்டெண்டர் ஒன்றைக் கவனித்தார். தாள் காய்ந்தால் காய்ச்சல் இறங்கவில்லை, யாராவது படித்தால்தான் இறங்கியது. "படிங்க, படிங்க, சும்மா நிக்காதீங்க" என்று ஜன்னல் வழியே எல்லோரையும் விரட்டினார்.

மகளை அன்று காலைதான் ஐந்தாம் கட்டிலில் சேர்த்திருந்த தையல்காரப் பெண் ஒருத்தி, கையிலிருந்த சீட்டின் எண்ணை வைத்து மகளின் தாளைக் கண்டுபிடித்தாள்.

"சார், இது தப்பு. முதல் நாள் புதன்னு போட்டிருக்கு. புள்ளைக்குத் திங்கக்கிழமையே கொதிச்சுது."

"அவ்வளவு உறுதியா எப்படிம்மா சொல்றே?" என்றார் டாக்டர்.

"அன்னிக்கு நாப்பது யூனிஃபார்ம் தைச்சுக் குடுக்கணும். மடியில புள்ள, கையில ஊசி. மறக்குமா? நீங்க இங்க வந்த நாள்லேர்ந்து எண்றீங்க. காய்ச்சல் என்ன உங்க ஆஸ்பத்திரி கேட்டுலயா பொறக்குது?"

முற்றத்தில் யாரோ சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. முற்றத்திலும் வார்டிலும் இருந்த ஒவ்வொரு பெற்றோரிடமும் போய், வீட்டில் என்றைக்கு ஆரம்பித்தது என்று கேட்டார். பாதிப் பேர் அன்றைக்கே தூக்கிக்கொண்டு வந்தவர்கள். மீதிப் பேர் இரண்டு நாள் பார்த்துவிட்டு வந்தவர்கள். ஊசிக்குப் பிறகும் இழுப்பு வந்தவை அந்த மீதிப் பேரின் குழந்தைகள். அவருடைய மூன்றாம் நாள் அந்தக் குழந்தைகளுக்கு ஐந்தாம் நாளாக இருந்தது. நான்கு வருடம் அவர் ஒருவரே பார்த்த தாளில் நான்கு வருடமும் இருந்த தப்பு.

"அப்போ அஞ்சாம் கட்டிலுக்கு இன்னிக்குத்தான் மூணாம் நாள்" என்றாள் தங்கை.

"போடு. இப்பவே போடு."

தங்கை ஓடினாள். தையல்காரி பின்னாலேயே ஓடினாள். ஐந்தாம் கட்டிலுக்கு இழுப்பு வரவில்லை. சனிக்கிழமை அது எழுந்து உட்கார்ந்து, நர்ஸின் தொப்பியைக் கேட்டு அழுதது.

தாள்கள் அத்தனையையும் படமெடுத்து, தன் தப்பையும் முதல் பக்கத்திலேயே எழுதி, கேட்ட ஊருக்கும் கேட்காத ஊருக்கும் டாக்டர் அனுப்பிவைத்தார். பதிலுக்கு முதலில் வந்த கட்டு அந்தப் பழைய வேற்றூர்க்காரருடையது. பதினோரு வருடக் கணக்கு முழுவதும் அதில் இருந்தது. மேலே ஒரு துண்டுச் சீட்டு: 'அன்று செய்தது தவறு. என் பீரோவும் சுடுகிறது.' அடுத்த மழைக்காலத்தில் ஒன்பது ஊர்க் கணக்கும் ஒரே மேசையில் இருந்தது. அதற்கடுத்த மழையில் வார்டில் பாதிக் கட்டில் காலி. பத்திரிகையில் கட்டுரை வந்தபோது எழுதியவர்கள் வரிசையில் நாற்பத்தொரு பெயர்கள் இருந்தன. தையல்காரி தன் பெயர் அச்சான பக்கத்தை வெட்டி மெஷினுக்கு மேலே ஒட்டிக்கொண்டாள்.

அதன் பிறகு பீரோவுக்குப் பூட்டுப் போடவில்லை. அதன் உடம்பு இப்போதும் தொண்ணூற்றெட்டுப் புள்ளி ஆறு. இரும்புக்கு அது சரிதானா என்று யாரும் கேட்பதில்லை. வார்டு அட்டைகளில் 'வீட்டில் காய்ச்சல் தொடங்கிய நாள்' என்று புதிதாக ஒரு கட்டம் சேர்த்தபோது, பீரோவுக்கும் ஓர் அட்டை மாட்டினார்கள். அட்டெண்டர் தினமும் காலையில் அதில் டிகிரி எழுதுகிறார். புதுக் கட்டத்தை மட்டும் அவர் முதல் நாளே நிரப்பிவிட்டார்: 'பூட்டு வாங்கிய நாள்.'