அஞ்சாவது பாஸ்

செம்பாக்கம் ஏரி ஓரமாகத் துளசிங்கத்துக்கு ஒன்றரை ஏக்கர் காலி மனை இருந்தது. அதன் மேல் கண் வைக்காத தரகர் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் ஒருத்தர்கூடக் கிடையாது. அப்பேர்ப்பட்ட இடத்தில் ஆறு வருஷமாகப் பதினாலு வயசுக்கு உட்பட்ட பெண் பிள்ளைகளுக்குச் சாலமன் ஓசியில் கால்பந்து சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான். பகலில் ஏசி மெக்கானிக், காலையும் மாலையும் கோச்.

இந்த வருஷம் அந்த இடத்துக்கு ஆபத்து வந்தது. துளசிங்கத்தின் மகன் சிவகுமார், சுற்றிலும் வலை கட்டி, செயற்கைப் புல் பாய் விரித்து, விளக்குப் போட்டு, ஆட வருகிறவர்களுக்கு மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடப் போவதாக ஒற்றைக் காலில் நின்றான். பெரியவருக்கு மனசு இரண்டு பக்கமும் இழுத்தது. கடைசியில் சாலமனைக் கூப்பிட்டார்.

"இதோ பாரு மாஸ்டரு. ஆறு வருசமா ஆட்றீங்கோ, ஒரு கப்பு வந்துக்கீதா? இந்த தபா கப்ப எட்துகினு வா, எம் புள்ளைய நான் பாத்துக்கறேன். இல்லாங்காட்டி அவன் இஷ்டம். இன்னா சொல்ற?"

"ஜெயிச்சிடுவோம்ணா" என்றான் சாலமன். வேறென்ன சொல்வான்?

இத்தனை நாள் ஜெயிக்காததற்குக் காரணம் அவனுக்குத் தெரியும். பந்து எங்கே உருண்டாலும் பத்துப் பேரும் அங்கே. கோடையில் தண்ணி லாரி வந்து நின்றால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்களே, அந்த ஓட்டம். கோல் கீப்பர்கூட ஒருமுறை எதிராளியின் கோல் வரை ஓடிப்போய், எதற்கு வந்தோம் என்று மறந்து நின்றிருக்கிறாள். பந்து கிடைத்தவள் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி உதைப்பாள். அது நேரே ஏரிக்குப் போகும். அந்த ஏரியில் மீனைவிடப் பந்துதான் அதிகம்.

சாலமன் ஒரு சட்டம் போட்டான். அஞ்சு பாஸ் ஆகாமல் யாரும் கோலுக்கு அடிக்கக் கூடாது. பந்து வருவதற்கு முன்பே தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை. வந்ததும் ஒரு தொடல், அடுத்த தொடலில் அனுப்பு. அனுப்பிவிட்டு வேடிக்கை பார்க்காதே, காலி இடத்துக்கு ஓடு. யாரும் ஏமாற்றாமலிருக்க, உதைக்கும்போதே எல்லோரும் சத்தமாக எண்ண வேண்டும்.

இரண்டே மாசத்தில் பந்து ஊசியில் நூல் கோத்த மாதிரி போக ஆரம்பித்தது. "ஒண்ணு! ரெண்டு! மூணு!" என்று பிள்ளைகள் எண்ண, ஓரத்தில் நின்ற அம்மாக்களும் எண்ண ஆரம்பித்தார்கள். பிறகு பூக்காரம்மா, பால் பாக்கெட் போடுகிறவர், கடைசியில் துளசிங்கமே நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணினார். அவர் "அஞ்சு!" என்று கத்தினால் அடுத்த ஊர் ராஜகீழ்ப்பாக்கத்தில் குழந்தை விழித்துக்கொண்டு அழும். அவர் எண்ணினால்தான் கூட்டம் எண்ணும், அவர் நிறுத்தினால் கூட்டமும் நிறுத்தும். இப்படியே அந்த வருஷக் கோப்பைப் போட்டியில் மூன்று ஆட்டம் ஜெயித்து ஃபைனலுக்கு வந்துவிட்டார்கள்.

ஃபைனல் பொழிச்சலூர் அணியோடு, இதே மைதானத்தில். அவர்களின் கோச் ஃபிரெடி, சாலமனோடு ஒரு காலத்தில் ஆடியவன். முதல் பாதியில் செம்பாக்கம் எட்டு முறை அஞ்சு பாஸ் எண்ணியது. எட்டு முறையும் பந்து பறிபோனது. ஒரு கோல் வாங்கியதுதான் மிச்சம்.

இடைவேளையில் கேப்டன் தமிழினி மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "சார், நாம நாலுன்னு கத்துனதும் அவங்க எல்லாம் பின்னாடி ஓடிடறாங்க சார். அஞ்சாவது பாஸ் வர்றதுக்குள்ள மூணு பேரு எதிர்ல நிக்கறாங்க."

 சாலமனுக்கு, வரும் நேரத்தை முன்னாலேயே அறிவித்துவிட்டுத் திருடப் போன கதையாக இருந்தது.

"இனிமே எண்ணாதீங்க. காலியா தெரிஞ்சா உடனே அடிங்க."

"எண்ணலைன்னா எத்தனைன்னு எப்டி சார் தெரியும்?" என்று கேட்டாள் வினிதா.

"தெரியவே வேணாம்மா."

பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டார்கள். ஊர் மூடவில்லை. "ஒண்ணு! ரெண்டு!" என்று துளசிங்கம் முழங்க, நூறு தொண்டை கூடவே முழங்கியது. பிள்ளைகளின் கால்கள் பழக்கத்தில் அஞ்சுக்குக் காத்திருந்தன. சாலமன் நாற்காலியை நோக்கி ஓடினான்.

"அண்ணா, கொஞ்ச நேரம் எண்ணாம இருந்தீங்கன்னா..."

"இன்னாது? எண்ணாம எப்டிப்பா பாக்கறது? ஆட்டமே அதான்யா! என் நெலத்துல நான் கத்தக் கூடாதா?"

அவர் நிலம்தான். சாலமன் ஓடிப்போய் ஒரு இளநீர் வாங்கி வந்து கையில் கொடுத்தான். அவர் உறிஞ்சிய அந்த அரை நிமிஷம் மைதானம் மௌனமாக இருந்தது. மூன்றாவது பாஸிலேயே தமிழினி அடித்தாள். கோல்! ஒன்றுக்கு ஒன்று.

சாலமன் இன்னொரு இளநீர் கொண்டு வந்தான். பிறகு போண்டா. அடுத்து அவன் சுண்டலோடு வந்தபோது பெரியவர் கையைத் தட்டிவிட்டார்.

"இன்னா மாஸ்டரு, துன்னவா வந்துக்கீறேன்? தள்ளு, மறைக்குது!"

ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம். வினிதாவிடமிருந்து பந்து தமிழினிக்கு வந்தது. எதிரே யாருமில்லை. பொழிச்சலூர் கீப்பர்கூட ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தாள். எருமை மாட்டை ஓட்டிக்கொண்டு போகலாம், அவ்வளவு இடம்.

"நாலு!" என்றது ஊர்.

தமிழினியின் கால் தூக்கியது தூக்கியபடி ஒரு கணம் நின்றது. பிறகு பந்தைப் பக்கவாட்டில் வினிதாவுக்கு அனுப்பியது.

"அஞ்சு!" என்று கூட்டம் குதித்தது. அதற்குள் பின்னால் ஓடி வந்த பொழிச்சலூர்ப் பெண் பந்தைப் பறித்து நீளமாக உதைத்தாள். செம்பாக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் முன்னால் இருந்தார்கள். பின்னால் கீப்பர் மட்டும். பந்து அவளைத் தாண்டி உள்ளே போனது. இரண்டுக்கு ஒன்று.

ஃபிரெடி வந்து கை கொடுத்தான். "மச்சான், தப்பா நெனைக்காத. உங்க ஜனமே எங்க புள்ளைங்களுக்குக் கோச்சிங் குடுத்துச்சு."

துளசிங்கம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தொண்டை கட்டிப் போயிருந்தது. "இவ்ளோ நல்லா ஆட்சிங்களே. எங்க தப்பாச்சுப்பா?"

உங்களால்தான் என்ற பதில் சாலமனின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் கிழவர் மனசு இளகி இடத்தைக் கொடுத்திருப்பாரோ, இல்லை அங்கேயே துண்டை உதறிவிட்டுப் போயிருப்பாரோ, யார் கண்டது? ஆனால் எண்ணச் சொல்லிக் கொடுத்தது யார்?

"நான் சொல்லிக் குடுத்ததுலதான்ணா தப்பு."

"அப்டியா?" அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "பையன்கிட்ட வாக்கு குட்த்துட்டேனே, மாஸ்டரு."

"தெரியும்ணா."

புதன்கிழமை காலையில் மண்வாரி இயந்திரம் வந்தது. சாலமன் வேலைக்குப் போகாமல் கோல் கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். தமிழினி பள்ளிக்கூடச் சீருடையோடு வந்து வலையை மடித்தாள்.  அந்த ஒரு பாஸைப் பற்றி அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

துளசிங்கம் மெல்ல நடந்து வந்தார். குரல் இன்னும் திரும்பவில்லை. காற்றுப் போன மாதிரி கேட்டார்.

"இனிமே எங்க ஆட்வீங்கோ? சொல்லு மாஸ்டரு. எம்மாந் தூரமானாலும் ஷேர் ஆட்டோ புட்சி வந்துடறேன். நான் எண்ணலைன்னா இதுங்க எப்டி ஆடும்?"

தமிழினி சட்டென்று நிமிர்ந்தாள். சாலமன் அவளைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தான்.

"சொல்றேண்ணா."

மூன்று நாளாகப் பெருங்களத்தூரிலிருந்து மேடவாக்கம் வரை பைக்கில் சுற்றி வந்துவிட்டான். காலியாகக் கிடந்த இடத்தில் எல்லாம் மனைக் கல் நட்டுச் சுண்ணாம்பு அடித்திருந்தது.