ஹெதர்விக்கில் யாமினி

ஹெதர்விக் என்ற சின்ன ஆங்கிலேயக் கிராமத்தின் வரலாறு முழுவதும் எனக்குத் தெரியும். ஆஸ்திரேலியாவில், எங்கள் கிரான்பர்ன் வீட்டில் இருந்துகொண்டே படித்தேன். அங்கே போனதில்லை. எங்கள் ஒரே மகள் யாமினி அந்த ஊரில் டாக்டராக இருந்தாள். கொரோனாவில் அங்கேயே இறந்துபோனாள். அப்போது ஆஸ்திரேலியா எல்லையை மூடியிருந்தது. எரித்துவிட்டால் பிறகு போய்ப் பார்க்க எதுவும் இருக்காதே என்று, எரிக்கும் வழக்கமுள்ள நாங்கள் புதைக்கச் சொன்னோம். தேவாலயத்தை ஒட்டி இடம் கொடுத்தார்கள். எல்லை திறந்தபோது என் கணவர் பார்த்தசாரதிக்கு இதய அறுவைச் சிகிச்சை. பயணம் தள்ளிக்கொண்டே போயிற்று.

போன மாதம் தேவாலயப் பொறுப்பாளர் மார்கரெட் எழுதியிருந்தார். ஜெபத்துக்கு ஆள் வருவதில்லை. கட்டடத்தை விற்கிறார்கள், வாங்குகிறவர் அதை வீடாக மாற்றப்போகிறார். கல்லறைகளைத் தொடமாட்டார்கள். உடலை எடுத்துப்போக விரும்பும் உறவினர்கள் மட்டும் சீக்கிரம் சொல்ல வேண்டும்.

"தொள்ளாயிரம் வருஷமா நிக்கிற கோயில், விஜயா. அவ அங்கயே இருக்கட்டும்" என்றார் இவர்.

அவருக்கு அந்தப் பழமை ஆறுதலாக இருந்தது. நான் படித்தது வேறு. பல நூறு வருஷம் முன்பு வந்த கொள்ளைநோயில் பாதி ஊர் செத்தது. மிச்சப்பேர் மேட்டுப்பக்கம் குடிபோய்விட, தேவாலயம் வயல் நடுவே தனியாக நின்றது. பின்னாளில் அதைப் பழுதுபார்த்த பாதிரியார், கேட்க ஆளில்லாத கல்லறைக் கற்களைப் பிடுங்கி நடைபாதைக்குப் பாவினார். ஊர் அவற்றின்மேல் நடந்து நடந்து பெயர்கள் தேய்ந்துவிட்டன.

அந்தப் பக்கத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். "நமக்கப்புறம் இவளைக் கேக்க யாருங்க இருக்கா?"

அந்தப் பக்கத்தைத் தானும் ஒருமுறை படித்தார். பிறகு, "அப்ப தோண்டணும். நீ தாங்குவியா?" என்றார்.

"மாட்டேன்."

ஆனாலும் எடுத்துக்கொள்கிறோம் என்று அன்றே மார்கரெட்டுக்கு எழுதினோம். எடுக்கும்போது குடும்பத்தில் ஒருவர் நிற்க வேண்டும் என்றார். இவர் விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான்தான் போய், அங்கேயே தகனம் செய்து, சாம்பலைக் கொண்டுவர வேண்டும். அந்தத் தேவாலயத்தின் எந்தச் சுவர் எந்த நூற்றாண்டு என்றுகூடச் சொல்வேன். அதை முதன்முதலாகப் பார்க்கப்போவது என் மகளைத் தோண்டி எடுக்கும் காலையில்.

துணிகளை எடுத்துவைக்கும்போது இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தோண்டி எடுத்ததும் பெட்டியைத் திறக்கச் சொல்லாதே. வெளியில நின்னு அவகிட்ட தமிழ்ல ஏதாவது பேசு. இத்தனை வருஷமா யாரும் பேசியிருக்க மாட்டாங்க."

சரி என்றேன். என்ன பேசுவது என்று யோசித்துப் பார்க்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு அவளை எழுப்பும்போது சொல்வதைத் தவிர வேறெதுவும் வாயில் வரவில்லை.