கல் இல்லாத இடம்

ஐஸ் பெட்டியின் கண்ணாடியைத் துப்பட்டாவால் துடைத்துவிட்டு ரூபா மறுபடியும் வாசலுக்கு வந்தாள். ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காக்கிநாடாவுக்கு அப்பால் நடுக்கடலில், எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடையில் வேலையாக இருந்தபோது அப்பா இறந்துபோன சேதி வந்தது. ஹெலிகாப்டர், ரயில், பஸ் என்று மாறி மாறி சத்தியவேடு வந்து சேர்வதற்குள் நைனா கருப்பன் ஐஸ் பெட்டிக்குள் போய்விட்டார்.

காலையிலேயே முனுசாமி சித்தப்பாவிடம் கேட்டாகிவிட்டது. அவள் ஒரே பிள்ளை, சுடுகாடு வரை கூடப் போகவேண்டும். அவர் கோபப்படவில்லை. பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும், இதுவரை யாரும் தாண்டியதில்லை என்று சொல்லிவிட்டு மாலை வாங்கக் கிளம்பினார். அம்மா பாப்பாத்தியும், கேட்டதே தப்பு என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உயிர் போகும்போதும் கூட இல்லை, மண்ணுக்குப் போகும்போதும் இல்லையென்றால் பிள்ளையாய்ப் பிறந்து என்ன பிரயோசனம் என்று ரூபாவுக்கு நெஞ்சு எரிந்தது.

பாடை கட்ட மூங்கில் வந்து இறங்கிய நேரத்தில், குழி வெட்டப் போயிருந்த முரளி கடப்பாரையும் கையுமாகத் திரும்பி வந்தான். வேறு வேறு இடத்தில் தோண்டிப் பார்த்தாயிற்று; முழங்கால் ஆழத்திலேயே பூசணிக்காய் பூசணிக்காயாக உருண்டைக் கல். சுற்றிலும் நெல் நிற்பதால் ஜேசிபியும் போகாது. வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது.

முனுசாமி தாடையைச் சொறிந்தார். பிறகு மெல்ல ரூபாவிடம் வந்தார்.

"உங்க நைனா டீக்கடையில உக்காந்துகினு எத்தினி வாட்டி சொல்லிக்கீறாரு, எம்பொண்ணு கடலுக்கு அடியில கீற எண்ணெயவே பாத்து சொல்லும்னு. நம்ம சுடுகாட்டுல கல்லு இல்லாத எடம் உனக்குத் தெரியாதாம்மா?"

அது நைனாவின் பெருமை. கண்ணால் பார்ப்பதில்லை, துளைக்கும்போது மேலே வரும் கல்தூளைக் கழுவிப் பூதக்கண்ணாடியில் வைத்து, மணல் துகள்களின் இடுக்கில் எண்ணெய் ஒட்டியிருக்கிறதா என்றுதான் தேடுகிறோம் என்று அவள் எவ்வளவோ விளக்கியிருக்கிறாள். மனிதர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொள்வார். மறுநாள் டீக்கடையில் பழைய கதையையே ஆரம்பிப்பார்.

இந்த உருண்டைக் கல்லும் அவளுக்குத் தெரிந்த சங்கதிதான். டைனோசர்கள் நடமாடிய காலத்தில் மலையிலிருந்து பாய்ந்த ஆறுகள் கனமான கற்களை இங்கேயே போட்டுவிட்டு, மணலையும் சேற்றையும் கடலுக்குக் கொண்டுபோயின. அந்தக் காலத்து மணல் அடுக்குகளில், மேலே களிமண் மூடிபோட்டு அமுக்கியிருக்கும் இடங்களில்தான் அவள் எண்ணெய் தேடுகிறாள். இங்கேயோ கீழே போகப் போகக் கல்தான். கல் இல்லாத இடமென்று ஒன்று அந்தச் சுடுகாட்டில் கிடையாது.

அதைச் சொல்லத்தான் வாயெடுத்தாள். சட்டென்று மாற்றிக்கொண்டாள்.

"இங்க இருந்துகினு எப்டி சொல்றது சித்தப்பா? வந்து பாத்தாதான் தெரியும்."

முனுசாமி பாப்பாத்தியைப் பார்த்தார். அவள் வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளுக்குள் ரூபாவுடையதைத் தேடியெடுத்து மகளின் காலடியில் போட்டாள்.

சுடுகாட்டில் ரூபா குனிந்தும் நிமிர்ந்தும் நடந்தாள். மண்ணை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தாள். முனுசாமியும் முரளியும் அவனோடு வந்தவர்களும் பின்னாலேயே வந்தார்கள். இந்தக் கூத்தை நைனா பார்த்திருக்கவேண்டும் என்று நினைத்தபோது சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின. எங்கே வெட்டினாலும் கல்தான்; புங்க மரத்தடியில் வெயில் நாளிலாவது நல்ல நிழல் இருக்கும். அங்கே நின்று காலால் கோடு கிழித்துக் காட்டினாள்.

மேல்மண் பொலபொலவென்று வந்தது. முரளிக்கு முகம் மலர்ந்தது. கொஞ்ச நேரத்தில் கடப்பாரை ணங்கென்றது.

"இன்னும் கீழ போனா மண்ணு வருமாக்கா?"

"வரும், வெட்டு."

துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு குழியோரம் மண்டியிட்டாள். அவர்கள் பெயர்த்த கல்லை வாங்கி வாங்கித் தள்ளிப் போட்டாள். ஊருக்குள் பாடை கிளம்பும் மேளச் சத்தம் கேட்டதும் முனுசாமி ஏதோ சொல்லப்போகிறவர்போல அவள் பக்கம் திரும்பினார். குழியையும் அவள் முகத்தையும் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவள் கையிலிருந்த கல்லை வாங்கினார்.