நாற்காலி கேட்கப் போன மூன்று புதன்கிழமைகள்

எங்கள் பள்ளிச் சதுரங்க மன்றத்தின் அமைதியைப் பற்றி வெளியாட்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். ஒருமுறை ஒருவன் குதிரையை நகர்த்த யோசித்துக்கொண்டிருந்தபோது, சிலந்தி ஒன்று அவன் காதுக்கும் ராஜாவுக்கும் நடுவே வலை கட்டி, முட்டையிட்டு, குஞ்சுகளை ஆளாக்கி அனுப்பிவிட்டது. கடைசியில் அவன் நகர்த்தியது எதிராளியின் குதிரையை. வேதியியல் ஆய்வக உதவியாளனான நான் பத்தொன்பது வருடமாக அந்த மன்றத்தின் பொறுப்பாளர்.

அந்த அமைதியில் மண் அள்ளிப் போட்டவன் பதினோராம் வகுப்பு நெட்டையன், நான் வைத்த பெயர் ஒட்டடைக்குச்சி. அவன் குனியாமல் நுழைந்து நுழைந்தே பள்ளி வாசல் நிலைகள் இரண்டு அங்குலம் உயர்ந்திருக்கின்றன. ஆணை நேசிக்கும் ஆண், பெண்ணை நேசிக்கும் பெண், பிறந்தபோது எழுதிய பாலினம் தனக்குப் பொருந்தாதவர், இவர்கள் யாரும் தலைகுனியாமல் வந்துபோக ஒரு மன்றம் வேண்டும், துணைநிற்பவர்களும் சேரலாம் என்று அவன் மனு கொடுத்தான். ஒரு மாதத்துக்குள் பள்ளி ஊழியர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும் என்றார் துணைத் தலைமையாசிரியை. அன்றிலிருந்து ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் தலைக்குமேல் வேலை. ஒருவர் வெற்று விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

அந்த மன்றம் எங்களுக்கு அடுத்த அறையில், அதே புதன்கிழமை, அதே நேரத்தில் கூடியது. சுவரைத் தாண்டிச் சிரிப்பு வந்தது. முதல் வாரம் இரண்டு நாற்காலி கடன் கேட்டார்கள், மறுவாரம் ஆறு. என் பதினான்கு பேர் ஐந்தானார்கள். போனவர்களில் ‘பூட்டு’ என்று நான் பெயர் வைத்த பெண்ணும் ஒருத்தி. என் மன்றத்தின் சிறந்த ஆட்டக்காரி. நான்கு வருடத்தில் அவள் பேசியது பதினேழு வார்த்தை, அதில் பதினாறு ‘செக்’. இன்னொன்று தும்மல்.

நெஞ்சு எரிகிறது என்று வீட்டில் சொன்னேன். மனைவி மாத்திரை டப்பா பக்கமே திரும்பவில்லை. “பக்கத்து ரூம்ல புள்ளைங்க சிரிச்சா உங்களுக்கு ஏன் எரியுது?” என்றாள்.

அடுத்த புதன்கிழமை நாற்காலிகளைக் கேட்டு வாங்கப் போனேன். வேவு பார்க்க அல்ல. நான் கிளம்பியதை என் ஐவரும் கவனிக்கவில்லை. வாசலில் வருகைப் பதிவேடு இருந்தது, உள்ளே வருபவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டேன். ஒரு மூலையில் உட்கார்ந்து நாற்காலிகளை எண்ணினேன். அதற்கடுத்த வாரமும் எண்ணினேன். எண்ணிக்கை மாறவில்லை, ஆனாலும் இப்படிப்பட்ட விஷயங்களில் ஒருமுறைக்கு மூன்றுமுறை பார்ப்பது நல்லது.

மூன்றாவது வாரம் பூட்டு வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். என் காதையே நான் சந்தேகப்பட்டேன். பொறுக்க முடியாமல், நம் மன்றத்தில் உனக்கு என்னம்மா குறை வைத்தேன் என்று கேட்டுவிட்டேன்.

“ஒரு குறையும் இல்ல சார்” என்றாள். “அங்க வாயத் திறக்க வேணாம்னுதான் நாலு வருஷம் வந்தேன். யாரையாவது பிடிச்சிருக்கான்னு பொண்ணுங்க கேட்டா, நான் ஒரு பொண்ணு பேரைத்தான் சொல்லணும். அதான் பேசவே இல்ல. மூணு வாரம் முன்னாடி இங்க சொன்னேன். யாரும் எழுந்து போகல சார்.”

நான் நாற்காலிகளைக் கேட்காமலே வந்துவிட்டேன்.

கெடு முடியும் நாளன்று துணைத் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். மேசையில் அந்தப் பதிவேடு விரிந்திருந்தது. எல்லா மன்றங்களின் பதிவேட்டிலும் பக்கத்தின் முதல் வரி பொறுப்பாளருக்கு உரியது. பிள்ளைகள் அதை வாரவாரம் காலியாகவே விட்டிருக்கிறார்கள். பத்தொன்பது வருடப் பழக்கத்தில் என் கை நேராக அங்கே போய் உட்கார்ந்துவிட்டது, மூன்று வாரமும்.

“தெரியாமப் போட்டீங்கன்னா அடிச்சிடுங்க சார்” என்று சிவப்புப் பேனாவை நீட்டினார். “வேற யாரும் வரல. நாலு மணிக்கு மூடிடலாம்.”

பேனாவை வாங்கினேன். ஒரு மாதமாக நான் வேண்டிக்கொண்டதெல்லாம் அதன் முனையில் இருந்தது. போனவர்கள் திரும்புவார்கள். பூட்டும் வருவாள். வந்து, நான்கு வருடம் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து, வாயை மூடிக்கொள்வாள். பேனாவை மூடி அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

“தெரிஞ்சுதான் போட்டேன் மேடம்” என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களில் சுருக்கமானது அதுதான்.

அந்த மன்றம் நடக்கிறது. வருபவர்களில் பாதிப்பேர் துணைநிற்பவர்கள், மீதி யார் யார் என்று நான் கேட்பதில்லை. ஒட்டடைக்குச்சி எதற்கெடுத்தாலும் என்னிடம்தான் வருகிறான். போன வாரம் இசை ஆசிரியர், நானும் கூட இருக்கிறேனே, பிள்ளைகளுக்கு என்னைப் பிடிக்கும் என்று வந்து சேர்ந்தார். வரட்டும், நல்லதுதான் என்றேன். அவரைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்துகொண்டார்கள். அவர் சொன்ன ஒரு ஜோக்குக்குப் பூட்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

அது அப்படியொன்றும் நல்ல ஜோக் இல்லை.