சொன்னா செஞ்சதுதான்

வேஷம் போட்டுக் கதை கட்டி விளையாடும் அந்த மேசைக்கு ஒரே ஒரு சட்டம்தான்: சொன்னா செஞ்சதுதான். வாயை விட்டுச் சொல்லிவிட்டு, அப்புறம் "ஐயய்யோ, சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்" என்று பல்லைக் காட்டினால் எடுபடாது. விளையாட்டே அதுதானே ஐயா!

சந்தேகம் இருந்தால் பேக்கரிக்காரரைக் கேளுங்கள். கதையில் அவருக்கு ஒரு திருடன் வேஷம். ஒரு வருஷமாகப் பொத்திப் பொத்தி வளர்த்த திருடன், எந்தப் பூட்டையும் கண்ணை மூடிக்கொண்டு திறப்பான். ஒரு நாள் கதை ஒரு பாழுங்கிணற்றின் விளிம்புக்கு வந்தது. கூட ஆடுகிற நர்ஸ் ஏதோ கிண்டல் செய்யப்போக, "உங்ககிட்ட பேச்சு வாங்கறதுக்கு நான் கிணத்துலயே குதிச்சிடலாம், குதிச்சிட்டேன் போங்க" என்றார். அவ்வளவுதான், மேசையே சேர்ந்து கத்தியது. தவளை தன் வாயால் கெடும். திருடன் போய்ச் சேர்ந்தான். அதற்கப்புறம் கொஞ்ச நாள் யாருக்கும் அவர் பன் கொண்டுவரவில்லை.

கதை சொல்கிற நாற்காலி அண்ணியுடையது. உறவுமுறையில், கூட ஆடுகிற லிப்ட் மெக்கானிக் ஒருவனுக்குத்தான் அவள் அண்ணி. ஆனால் மேசையில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவள் நிலைமையைச் சொல்வாள். சொல்லிவிட்டு, "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்பாள். திருடனோ வைத்தியச்சியோ படைவீரனோ, அவரவர் வேஷத்தில் பதில் சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். இருபது விழுந்தால் ராஜா, ஒன்று விழுந்தால் அம்பேல்.

மற்ற நாட்களில் அண்ணிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. "இதுல தெளிவா இருக்கா, அதுல தெளிவா இருக்கா?" வாரம் முழுக்க இந்த ஒரு கேள்விதான். வீட்டிலோ மாமியார், பிள்ளைகள், டிவி எல்லாம் ஒரே நேரத்தில் பேசும். அதில் அவள் குரல் எங்கே எடுபட? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமூகக் கூடத்துப் பின்னறையில்தான் அவள் பேச, மூன்று பேர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். அது இல்லாவிட்டால் அவள் என்ன ஆவாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்த அறைக்குத்தான் ஆபத்து வந்தது.

கட்டட மேலாளர் நல்ல மனுஷன்தான், ஆனால் நிற்க நேரமில்லாத மனுஷன். அவர் உட்கார்ந்து பார்த்தவர்கள் கிடையாது. சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டே வாசலில் நின்று சொன்னார்: "ஒரு கம்பெனிக்காரங்க இந்த அறையைக் கேக்கறாங்கம்மா. தலையில கண்ணாடி மாதிரி ஒண்ணை மாட்டிக்கிட்டு விளையாடறதாம். எதிர்காலமே அதுதானாம். உங்க ஆட்டத்துக்கு எதிர்காலம் இருக்கா? அஞ்சு வருஷத்துல இது எங்க இருக்கும்? அடுத்த ஞாயிறு வந்து கேக்கறேன், சொல்லுங்க."

எதிர்காலம் என்றதும் மெக்கானிக்குக்குக் குஷி கிளம்பிவிட்டது. அவனுக்கு ஜோசியர் என்றே பட்டப்பெயர். இனிமேல் லிப்டெல்லாம் தன்னைத்தானே ரிப்பேர் செய்துகொள்ளும் என்று அடித்துச் சொன்னவன், அதே வாரம் ஒரு லிப்டுக்குள் மாட்டிக்கொண்டு தொண்டை வறளக் கத்தினான். அதெல்லாம் அவனுக்கு உறைக்குமா?

"அண்ணி, இன்னும் ரெண்டே வருஷம். மெஷினே கதை சொல்லும். அதுக்குத் தொண்டை கட்டாது, பிள்ளைக்குக் காய்ச்சல்னு லீவு போடாது."

"அப்போ நான் எதுக்குடா?"

"நீங்களும் ஒரு வேஷம் எடுத்துக்கிட்டு உக்காருங்க."

அண்ணி முறைத்த முறைப்பில் அவன் பகடையைத் துடைக்க ஆரம்பித்தான்.

"மெஷின் சொல்லட்டுமே" என்றாள் நர்ஸ். "இவர் கிணத்துல குதிச்சப்போ அண்ணி வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்களே, எந்த மெஷின் அப்படிச் சிரிக்கும்? நான் சொல்றேன் பாருங்க, கொஞ்ச நாள்ல டாக்டருங்களே நோயாளிக்கு இந்த விளையாட்டைத்தான் எழுதிக் கொடுப்பாங்க."

"கிணத்தை விடவே மாட்டீங்களா?" என்றார் பேக்கரிக்காரர். "என் கடையைப் பாருங்க. மெஷின் ரொட்டி வந்தப்புறம்தான் கை ரொட்டிக்கு வரிசையே நிக்குது. திரையைப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்தவன் எல்லாம் மேசைக்குத்தான் வருவான்."

ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். மேசையே வரைபடம் காட்டும் என்றார்கள். கடல் தாண்டி இருக்கிறவன் நிழல் மாதிரி பக்கத்து நாற்காலியில் வந்து உட்காருவான் என்றார்கள். கடைசியில், இருக்குமா இருக்காதா என்று பகடையிடமே கேட்டுவிடுவோம் என்று உருட்டினார்கள்.

ஒன்று.

"பகடை பொய் சொல்லாது" என்றான் ஜோசியர் மெதுவாக.

"வாயை மூடுடா" என்றாள் அண்ணி.

அந்த வாரம் கடையில் அவளுக்கு வேலையே ஓடவில்லை. ஒருவருக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டு, "தெளிவா இருக்கா?" என்று கேட்பதற்குப் பதில், "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டுத் தொலைத்தாள். அந்த ஆள் பாவம், தன் உத்தியோகம், முதலாளியின் குணம், முதுகுவலி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டுப் போனார்.

ஞாயிறு வந்தது. மேலாளரும் வந்தார். அண்ணிக்காக மெக்கானிக் கொழுந்தன் ஒரு பிரமாதமான உரை தயாரித்திருந்தான், அவளும் உருப்போட்டிருந்தாள்.

"சொல்லுங்கம்மா. அஞ்சு வருஷம் கழிச்சு இந்த ஆட்டம் இருக்குமா?"

உருப்போட்டதெல்லாம் காற்றோடு போச்சு. வருஷக்கணக்கான பழக்கம்தான் அவள் நாக்கைப் பிடித்துக்கொண்டது.

"அஞ்சு வருஷம் ஆயிடுச்சு" என்றாள். குரல் தானாகத் தாழ்ந்தது. "ஞாயித்துக்கிழமை மத்தியானம். இந்த அறையில கம்பெனிக்காரங்க. தலையில கண்ணாடி மாட்டிக்கிட்டு ஆளுக்கொரு மூலையைப் பாத்துக் கை வீசறாங்க. வெளியே நடையில நாங்க நாலு பேர், மடக்கு மேசையைத் தூக்கிக்கிட்டு நிக்கறோம். மழை பிச்சு வாங்குது. நீங்க சாவிக்கொத்தோட வர்றீங்க." மூச்சு வாங்கினாள். "நீங்க என்ன பண்றீங்க?"

ஜோசியர் தலையில் அடித்துக்கொண்டான்.

"நானா? நான் எங்கேம்மா இதுல வந்தேன்?"

ஒருவரிடம் கேட்ட கேள்விக்கு இன்னொருவர் பதில் சொல்வது அந்த மேசையில் வழக்கமில்லை. மேலாளர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "வீட்டுக்குப் போங்கன்னு சொல்லுவேன்" என்றார்.

"இந்த மழையிலயா? நர்ஸ் தும்மறாங்க."

நர்ஸ் தும்மினாள். கூடம் அதிர்ந்தது.

"சரி சரி, உள்ளே இருக்கறவங்ககிட்ட கொஞ்சம் இடம் கேட்டுப் பாக்கறேன்." சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். தான் உட்கார்ந்தது அவருக்கே தெரியாது. பேக்கரிக்காரர் ஓசைப்படாமல் பகடையை அவர் பக்கம் தள்ளினார். மேலாளர் உருட்டினார்.

ஒன்று.

"போச்சு" என்று முனகினான் ஜோசியர். அண்ணி ஒரு நொடி கண்ணை மூடினாள். பகடையைத் திருப்பிவைக்க அவளால் முடியும். ஆனால் அவள் அதைச் செய்பவள் இல்லை.

"நீங்க கேட்டது அவங்க காதுலயே விழல. ஒருத்தன் வீசின கை உங்க மூக்கைப் பதம் பாத்துடுச்சு. அறை கிடைக்கல. சாரல் நடைக்குள்ள வந்துட்டுது, மேசை நனையுது, இவர் கொண்டுவந்த பன்னெல்லாம் ஊறுது. நீங்க என்ன பண்றீங்க?"

"என்னம்மா பண்ணுவேன்!" மேலாளருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது, மூக்கை வேறு தடவிக்கொண்டார். "மனுஷங்களை மழையில நிக்கவைக்க முடியுமா? என் ஆபீஸைத் திறந்து உக்காரவைக்கறேன்! ஞாயித்துக்கிழமை அவ்வளவு பெரிய மேசை சும்மாத்தானே கிடக்கு!"

"சொன்னா செஞ்சதுதான்!" மூன்று தொண்டைகள் ஒன்றாக வெடித்தன.

அவருக்குச் சட்டத்தை விளக்கினார்கள். "அட, இது விளையாட்டுதானேப்பா?" என்றார் அவர்.

"சார்," என்றார் பேக்கரிக்காரர் கண்டிப்பாக, "நான் கிணத்துல குதிச்சவன். எனக்கு யாரும் சலுகை காட்டல."

மேலாளர் சிரித்தார், சாவிக்கொத்து சேர்ந்து குலுங்கியது. "அறையைக் கம்பெனிக்காரங்களுக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்துட்டேன்மா. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் எதிர்காலம் அது இதுன்னு சுத்தி வளைச்சேன்" என்றார். கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். அண்ணிக்கு அழுகை வந்தது. அவள் மறைக்கவில்லை, நன்றாகவே அழுதாள்.

கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். இப்போது ஞாயிறுதோறும் பின்னறையில் கைகள் வீசுகின்றன. எதிரே ஆபீஸில் பகடை உருள்கிறது. இரண்டுமே நடக்கும் என்று எந்த ஜோசியனும் சொல்லவில்லை.

"ஆனாலும் பகடை பொய் சொல்லல அண்ணி" என்றான் கொழுந்தன். "ஒண்ணு விழுந்துச்சு, அறை போச்சு."

"போச்சுதான்டா. நாற்காலி ஒண்ணு கூடிடுச்சே, அது உன் ஜோசியத்துல இருந்துச்சா?"

அந்த நாற்காலியில் மேலாளர் இருந்தார். கூடத்துக் கதவைப் பூட்ட வந்தவர்தான், அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவருக்குக் காவல்காரன் வேஷம். முன்னால் அதே பாழுங்கிணறு; அதற்குள்ளிருந்து, செத்துப்போன திருடனின் குரல்.

"சார்," என்றாள் அண்ணி, "நீங்க என்ன பண்றீங்க?"

மேலாளர் வாயைத் திறந்தார். பேக்கரிக்காரரைப் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டு, நன்றாக யோசிக்க ஆரம்பித்தார்.